எண்ணுக்கு வைத்த பெயர்

மார்ச் 3, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. இது அப்பாவின் புத்தகம். "லிஃப்ட் பராமரிப்புப் பதிவேடு" என்று அட்டையில் அச்சடித்திருக்கிறது. அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் மருத்துவமனையில் இப்போது எல்லாவற்றையும் போனிலேயே பதியச் சொல்லிவிட்டார்கள். மீந்துபோன மூன்று பதிவேடுகளைக் கொண்டுவந்து, "எதுக்காவது ஆகும், வச்சுக்கோ" என்று என் அலமாரியில் போட்டார். அவர் நினைத்த "எதுக்காவது" இதுவாக இருக்காது. பெரிதாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. வாயில் வராதது கையிலாவது வருகிறதா என்று பார்க்கத்தான்.

ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டம். தேதி, குறை, செய்தது, கையொப்பம்.

குறை: பன்னிரண்டு இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. ஒன்றுக்கும் பதில் இல்லை. வேண்டாம் என்றுகூட யாரும் சொல்லவில்லை.

செய்தது: ஒன்றும் இல்லை.

மார்ச் 4, புதன்

நேற்று எழுதியதைப் படித்தால் மூக்குச் சிந்துகிற மாதிரி இருக்கிறது. ஒழுங்காக எழுதுகிறேன்.

படிப்பு முடிந்து எட்டு மாதம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா எட்டாவது, அம்மா ஐந்தாவது, அக்கா பள்ளி இறுதியோடு நிறுத்திக்கொண்டு ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த எட்டு மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் மெயில் சர்வர். மருத்துவமனை அலுவலகத்தில் கழித்துப்போட்ட கணினியை அப்பா கேட்டு வாங்கிவந்தார். அதைத் துடைத்து, நினைவகம் கூட்டி, சொந்தமாக ஒரு டொமைன் பதிந்து, டிசம்பர் கடைசியில் என் பெயரில் எனக்கே ஒரு முகவரி வந்தது. யாருடைய இலவசச் சேவையும் இல்லை. கடிதம் என் வீட்டிலிருந்து கிளம்புகிறது, என் வீட்டுக்கு வருகிறது.

அது இருக்கும் இடம் அம்மாவின் இஸ்திரி மேஜைக்குக் கீழே. அம்மா துணி திருத்திக் கொடுப்பவள். ஓரம் மடிப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பிடிப்பது. அந்த அறையில் இருப்பது ஒரே ப்ளக். இஸ்திரிப் பெட்டிக்கும் சர்வருக்கும் தினம் சண்டை. அம்மாதான் நடுவர், எப்போதும் இஸ்திரிப் பெட்டிதான் ஜெயிக்கும்.

"அது என்ன சாமியா? இருபத்து நாலு மணி நேரமும் விளக்கு எரியணுமா?" என்பாள்.

விண்ணப்பத்தில் அனுபவம் என்ற இடத்தில் எழுத என்னிடம் ஒரே வரிதான் இருக்கிறது. "என் மெயில் சர்வரை நானே அமைத்து நடத்துகிறேன், இந்தக் கடிதமும் அதிலிருந்துதான் வருகிறது." அந்த வரி ஒருவரையும் அசைக்கவில்லை போல. பல்கலைக்கழகக் கணினி மையத்தில் உதவி அட்மின் வேலைக்குப் பிப்ரவரி 20 அன்று அனுப்பினேன். பன்னிரண்டில் நான் உண்மையாகவே ஆசைப்பட்டது அது ஒன்றுதான். கடைசித் தேதி மார்ச் 27. அனுப்பியதற்கு ஒரு வரி ஒப்புதல்கூட இல்லை.

அக்கா வீட்டுக்காரர் வேலை பார்க்கும் கிடங்கில் ரசீது போட ஆள் வேண்டுமாம். ஏப்ரல் ஒன்றில் சேர வேண்டும். அப்பா கட்டாயப்படுத்தவில்லை. "யோசிச்சுச் சொல்லும்மா" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? ஒருவருக்கும் வேண்டாத ஆள் கிடைத்ததில் உட்கார வேண்டியதுதான்.

மார்ச் 6, வெள்ளி

ஒன்றும் இல்லை. மழை.

மார்ச் 8, ஞாயிறு

சந்தோஷமா, கோபமா — தெரியல.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அக்கா வந்தாள். புது வீடு மாறிய பிறகு இதுதான் முதல் தடவை. வந்ததிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மாவிடம் பேசினாள், அப்பாவிடம் பேசினாள், என்னிடம் "நல்லாருக்கியா" என்றதோடு சரி. நான் என்ன செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் வரவில்லை. உண்மையில் வருத்தப்பட வேண்டியவள் நான். அவள் போனதிலிருந்து வாரம் ஒன்று, இரண்டு என்று மெயில் எழுதிக்கொண்டிருக்கிறேன். போனில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், எழுதினால் எழுதுவேன், அவளுக்கே தெரியும். ஒன்றுக்கும் அவள் பதில் போடவில்லை.

பாத்திரம் கழுவும்போது அவள்தான் ஆரம்பித்தாள்.

"எழுதுறேன் எழுதுறேன்னு சொல்லி அனுப்பிச்சியே, ஊமைக்கோட்டான். ஒரு வரி எழுதினியா?"

நான் கழுவிய தட்டைத் திரும்பவும் கழுவினேன். பிறகு, "பதினோரு மெயில் போட்டேன்" என்றேன்.

"பொய் சொல்லாத."

போனை எடுத்து நீட்டினாள், பாரு என்று. இன்பாக்ஸில் நான் இல்லை. குப்பை என்ற பகுதியைத் திறந்தேன். அங்கே இருந்தேன். ஆறு கடிதம், வரிசையாக, கடன் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கும் தலைமுடி வளர எண்ணெய் விற்பவர்களுக்கும் நடுவில். மீதி ஐந்தும் முப்பது நாள் தாண்டியதால் தானாகவே அழிந்திருக்கும்.

அக்கா ஈரக்கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து ஆறையும் படித்தாள். நடுவில் ஒரு தரம் சிரித்தாள், ஒரு தரம் மூக்கை உறிஞ்சினாள். "நான் இங்க தினமும் பார்த்துட்டு, இவளுக்கு என்ன அவ்வளவு திமிருன்னு..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. எழுந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அக்காவுக்கே போய்ச் சேரவில்லை என்றால் அந்தப் பன்னிரண்டும்?

அவர்கள் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை.

இரண்டு மாதமாக நெஞ்சில் இருந்த கல்லை யாரோ தூக்கி வெளியே வைத்த மாதிரி. மடத்தனமான சந்தோஷம்தான். இருக்கட்டும்.

மார்ச் 9, திங்கள்

குறை கண்டுபிடித்தாயிற்று. எனக்கே புரியும்படி எழுதி வைக்கிறேன்.

இணையத்தில் என் வீட்டுக்கு ஒரு எண் இருக்கிறது. என் டொமைனைக் கேட்டால் அந்த எண்ணைச் சொல்லும்படி நானே எழுதிவைத்திருக்கிறேன். அது பெயரிலிருந்து எண். ஆனால் கடிதத்தை வாங்குகிற சர்வர் திருப்பியும் கேட்கிறது: இந்த எண்ணின் பெயர் என்ன? அதற்குப் பெயர் ரிவர்ஸ் டிஎன்எஸ். என் எண்ணைக் கேட்டால் என் பெயர் வரவில்லை. எண்ணையே கோடு போட்டுப் பிரித்து, "வீட்டு வாடிக்கையாளர்" என்று இணைய நிறுவனம் ஒட்டிய ஒரு சீட்டு வருகிறது. இரண்டும் பொருந்தவில்லை. பெயர் ஒன்று சொல்லிக்கொண்டு, அடையாள அட்டையில் வேறொன்று இருக்கிற ஆளை வாசலோடு அனுப்புவது மாதிரி என் கடிதங்களை அனுப்பிவிட்டார்கள்.

டிசம்பரில் நான் சோதித்துப் பார்க்கவில்லையா? பார்த்தேன். என் கல்லூரி முகவரிக்கு அனுப்பினேன், வந்தது. அங்கே என் புது முகவரியை முதல் நாளே "தெரிந்தவர்" என்று குறித்துவைத்திருந்தேன். தெரிந்தவர் வீட்டுக்குள் போய்விட்டு, ஊரெல்லாம் என்னை வரவேற்கும் என்று நம்பிவிட்டேன்.

மற்றதெல்லாம் நானே திருத்தலாம். இது ஒன்றை முடியாது. எண் என்னுடையது அல்ல, இணைய நிறுவனத்துடையது. எண்ணுக்கு என்ன பெயர் என்று அவர்கள்தான் எழுத வேண்டும். அதாவது, நான் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டும்!

மார்ச் 10, செவ்வாய்

மூன்று முறை போன் போட்டேன். இரண்டு முறை மணி அடிப்பதற்குள் நானே வைத்துவிட்டேன். மூன்றாவது முறை ஒரு பெண் எடுத்தாள். "சொல்லுங்க" என்றாள். நான் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிவைத்திருந்தேன், வாசித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கனெக்ஷன் யார் பேர்ல?" என்றாள்.

"அப்பா பேர்ல."

"அப்ப அவர் நேர்ல வந்து ஃபார்ம்ல கையெழுத்துப் போடணும்."

அவ்வளவுதான். கடிக்கவில்லை.

அக்கா சொல்கிறாள், இலவச முகவரியிலிருந்து அனுப்பித் தொலை என்று. அனுப்பலாம். போய்ச் சேரும். ஆனால் "இந்தக் கடிதமும் என் சர்வரிலிருந்துதான் வருகிறது" என்ற வரியை எடுத்துவிட வேண்டும். அதை எடுத்தால் மீதி இருப்பது என் பெயரும் மதிப்பெண்ணும். மற்ற பதினொரு இடத்துக்கும் அப்படியே அனுப்பிவிட்டேன். கணினி மையத்துக்கு மட்டும் மனம் வரவில்லை. 27 வரை நாள் இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் பூட்ஸுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், லிஃப்ட் வழியாகப் போனேன். "உள்ள மூணாவது மாடின்னு பட்டன் அமுக்கறோம். வெளிய போய்ப் பார்த்தா சுவத்துல அஞ்சுன்னு எழுதியிருக்கு. அப்படி ஆயிடுச்சுப்பா."

அப்பா தலையைத் தூக்கினார். "அப்படி இருந்தா எவன் ஏறுவான்?" என்றார். பிறகு, "சனிக்கிழமை பாதி நாள் லீவு சொல்றேன்."

இவ்வளவுதானா? இதற்கா மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன்?

மார்ச் 14, சனி

இணைய நிறுவனத்தின் அலுவலகம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. லிஃப்ட் இருந்தது. அப்பா ஏறியதும் வழக்கம்போலக் கதவு மூடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். "ரோலர் தேஞ்சிருக்கு" என்று என்னிடம் மட்டும் சொன்னார். சலவைச் சட்டை போட்டு, தலை வாரி வந்திருந்தார், என் பள்ளிக்கூடத்துக்குக் கையெழுத்துப் போட வந்த நாட்களைப் போல.

கவுன்ட்டரில், போனில் கேட்ட அதே குரல். நாற்பது வயதிருக்கும், கையில் ஆறிப்போன தேநீர். படிவத்தை அப்பாவிடம் கொடுத்தாள். டொமைன் என்ற கட்டத்தை நான் நிரப்பினேன். அதற்குள் அடையாள அட்டையின் நகல் வேண்டும் என்று என்னை மூலையில் இருந்த இயந்திரத்துக்கு அனுப்பினாள். இயந்திரம் தாளைத் தின்றுவிட்டது. அதைப் பிடுங்கி, திரும்ப எடுத்து, நான் வருவதற்குள் அப்பா மீதியை நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"சரியா எழுதினேனா பாரு" என்றார்.

எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நான் பார்க்காமலே, "சரிதான்பா" என்றேன்.

"நெஜமா?"

"சரிதான்பா, வாங்க."

மூன்று வேலை நாளில் ஆகிவிடும் என்றாள்.

மார்ச் 16, திங்கள்

எண்ணைக் கேட்டேன். பழைய சீட்டுதான்.

மார்ச் 17, செவ்வாய்

பழைய சீட்டு. அம்மா நான்கு பேன்ட் இஸ்திரி போட்டாள். சர்வர் ஒரு மணி நேரம் செத்துக் கிடந்தது.

மார்ச் 19, வியாழன்

இதை எப்படி எழுதுவது?

மத்தியானம் எண்ணைக் கேட்டேன். இந்த எண்ணின் பெயர் என்ன? திரையில் பதில் வந்தது. பழைய சீட்டு இல்லை. "மெயில்" என்று தொடங்கி என் டொமைனில் முடிய வேண்டும் அது. வந்தது: அப்பாவின் இனிஷியல், ஒரு சின்னக் கோடு, அப்பாவின் பெயர், புள்ளி, என் டொமைன்.

படிவத்தில் "எண்ணுக்கு வைக்க வேண்டிய பெயர்" என்று ஒரு கட்டம் இருந்திருக்கிறது. பெயர் கேட்டார்கள், அப்பா தன் பெயரை எழுதிவிட்டார். லிஃப்டுக்குள் ஒட்டும் பொறுப்பாளர் அட்டையில் எழுதுவது போலவே, ஆங்கிலப் பெரிய எழுத்தில், இனிஷியலோடு. கவுன்ட்டர் பெண்மணி அதையும் நான் எழுதிய டொமைனையும் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, பொட்டி ஜோக் சொல்லுதா?" என்றாள்.

உலகத்தில் எந்த மூலையிலிருந்து யார் எங்கள் எண்ணைக் கேட்டாலும் இப்போது அப்பா பெயரைச் சொல்லும். பெரிய ஊர்களில் இருக்கும் பெரிய சர்வர்கள்கூட. அப்பாவின் பெயர் இதுவரை போன அதிகபட்சத் தூரம் மருத்துவமனையின் ஏழாவது மாடி.

சிரிப்பு அடங்கியதும் இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் சர்வர் தன் பெயரை ஒன்று சொல்கிறது, எண் இன்னொன்று சொல்கிறது. இன்னமும் பொருந்தவில்லை. தப்பு அப்பாவுடையது இல்லை. சரியா பாரு என்று இரண்டு முறை கேட்டார். ரெண்டு முறை. நான்தான் நாலு பேருக்கு வெக்கப்பட்டுக்கிட்டு திரும்பிக்கூடப் பார்க்கல.

மார்ச் 20, வெள்ளி

போன் போட்டேன். இந்த முறை தாள் இல்லாமலே. கவுன்ட்டர் பெண்மணி படிவத்தை எடுத்துப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. "நானும் கவனிக்காம அனுப்பிட்டேன்மா. எழுத்துத் திருத்தம்னு போட்டுடறேன், அப்பா வர வேண்டாம். ஆனா திருத்தம் வேற வரிசை. பதினஞ்சு வேலை நாள்."

எண்ணிப் பார்த்தேன். ஏப்ரல் பத்து. கணினி மையத்தின் கடைசித் தேதி மார்ச் 27.

அப்பா சாயங்காலம், "வேலை ஆயிடுச்சா?" என்றார். "ஆயிடும்பா" என்றேன். நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்குப் போட்ட சலவைச் சட்டையோடு சேர்த்து அவர் குறுகிப்போவார்.

மார்ச் 21, சனி

காலை முழுக்கக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இலவச முகவரியில் அனுப்பிவிடலாம் என்று கடிதத்தைத் திறந்து, அந்த ஒரு வரியை அழித்தேன். திரும்ப எழுதினேன். அழித்தேன்.

அம்மா பக்கத்தில் ஒரு பாவாடையைத் திருத்திக்கொண்டிருந்தாள். கொக்கியைத் தப்பான இடத்தில் வைத்துத் தைத்திருந்தார்கள். அம்மா கொக்கியைத் தொடவில்லை. எதிர்ப் பக்கத்து வளையத்தைப் பிரித்து, கொக்கி இருக்கும் இடத்துக்கு நேராக நகர்த்தித் தைத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்றேன். "கொக்கிப் பக்கம் லைனிங் இருக்கு, பிரிச்சா நாள் பூரா ஆகும். ரெண்டும் மாட்டினாப் போதாதா?" என்று நூலைப் பல்லால் கடித்தாள்.

நான் கொஞ்ச நேரம் அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணின் பெயரை என்னால் மாற்ற முடியாது. ஆனால் சர்வரின் பெயர் என் கையில் இருக்கிறது. டொமைனும் என்னுடையது. அப்பாவின் பெயருக்கு எங்கள் எண்ணைக் காட்டும்படி ஒரு வரி எழுதினேன். கடிதம் கொண்டுபோகும்போது சர்வர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பெயரை அப்பாவின் பெயராக மாற்றினேன். பத்து நிமிடம். அதில் ஏழு நிமிடம் கடவுச்சொல்லைத் தேடியது.

இனி எண்ணைக் கேட்டால் அப்பா, அப்பாவைக் கேட்டால் எண். இரண்டும் மாட்டிக்கொண்டது.

மார்ச் 22, ஞாயிறு

அக்காவுக்கு ஒரு வரி அனுப்பினேன்: "எங்க இருக்கேன்?"

நான்கு நிமிடம் கழித்துப் பதில்: "முன் வாசல்லயே நிக்கிற. உள்ள வா."

ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டுச் சும்மா மொட்டை மாடியில் போய் நின்றேன்.

மார்ச் 23, திங்கள்

கணினி மையத்துக்கு மறுபடியும் அனுப்பினேன். அந்த வரியோடு. மேலே இரண்டு வாக்கியம் சேர்த்தேன்: பிப்ரவரி 20 அன்றும் இதை அனுப்பினேன், என் சர்வரில் இருந்த ஒரு குறையால் அது உங்கள் குப்பைப் பகுதிக்குப் போயிருக்கலாம், இப்போது சரி செய்துவிட்டேன்.

குறையை ஏன் நானே காட்டிக்கொடுக்க வேண்டும் என்று அக்கா திட்டினாள். மறைத்துவிட்டுப் போய் உட்கார எனக்குத் தெரியாது.

சாயங்காலம் பதில்: "பெற்றுக்கொண்டோம்." தானியங்கிப் பதில்தான். மூன்று தரம் படித்தேன்.

மார்ச் 31, செவ்வாய்

பதினொரு மணிக்கு சர்வர் செத்திருந்தது. மேஜைக்குக் கீழே குனிந்தால், எதிர்பார்த்தபடி, ப்ளக்கில் இஸ்திரிப் பெட்டி. "இதோ, ஒரே ஒரு சட்டை" என்றாள் அம்மா. ஒரே ஒரு சட்டை மூன்று சட்டையாகியிருந்தது. நான் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. கடிதம் கொண்டுவருகிறவர் கதவு பூட்டியிருந்தால் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வருவார். மெயிலும் அப்படித்தான், தொலைந்துபோகாது. அதை நம்பித்தான் பேசாமல் இருக்கிறேன்.

பதினொன்று நாற்பதுக்கு சர்வர் எழுந்தது. பதினொன்று ஐம்பத்திரண்டுக்குக் கதவைத் தட்டியது கணினி மையம். ஏப்ரல் 6, திங்கள், காலை பத்து மணி, நேர்காணல்.

அம்மாவிடம் காட்டினேன். இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது அப்பவே வந்துதா?"

"பதினொன்னுக்கு வந்திருக்கும். கதவு பூட்டியிருந்ததால திரும்ப வந்துச்சு."

அம்மா போனை எடுத்து அக்கா வீட்டுக்காரரிடம், "நாளைக்கு அவ வரலை மாப்ள. பதினஞ்சாம் தேதி வரைக்கும் அந்த இடம் காலியா இருந்தாப் பார்ப்போம், இல்லன்னா போகட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அங்கே இஸ்திரி போட்டாள். அடுப்பு மேடை ப்ளக்கில்.

ஏப்ரல் 6, திங்கள்

மூன்று பேர். நடுவில் மையத்தின் தலைவி. கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதைத் தேடினார். முதல் ஐந்து கேள்விக்கும் நான் சொன்ன பதில் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் "கொஞ்சம் சத்தமா" என்று இரண்டு முறை சொன்னார். சரி, கிடங்குதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது தலைவி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். இரண்டு கடிதம் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தது. இரண்டும் நான்.

"நாங்க குப்பையை ரெண்டு மாசம் வச்சிருப்போம். நீங்க சொன்னதால தேடினேன். இது பிப்ரவரி, குப்பையில இருக்கு. இது மார்ச், நேரா உள்ள வந்திருக்கு. ஒரே ஆள், ஒரே வீடு. நடுவுல என்ன நடந்துது?"

சொன்னேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, அக்காவின் குப்பையில் ஆரம்பித்துக் கோர்வையாக வந்தது. தெரிந்தவர் வீட்டில் மட்டும் சோதித்த என் முட்டாள்தனத்தையும் சொன்னேன். யாரும் "சத்தமா" என்று சொல்லவில்லை.

தலைவி திரையில் ஒரு வரியைத் தொட்டார். "சர்வருக்கு ஒருத்தர் பேர் இருக்கே. இவர் யாரு?"

"அப்பா."

"அவர்தான் சர்வரைப் பார்த்துக்கறாரா?"

"இல்ல மேடம். அவர் லிஃப்ட் பார்த்துக்கறார்."

மூன்று பேரும் சிரித்தார்கள். கேலி இல்லை. படிவம் நடந்த கதையைச் சொன்னேன். திருத்தம் வரும்வரை ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டார்.

"அவங்க பக்கம் மாத்தப் பதினஞ்சு நாள் மேடம். என் பக்கம் மாத்தப் பத்து நிமிஷம். ரெண்டும் மாட்டினாப் போதும்ல."

அது அம்மாவின் வாக்கியம் என்று பேருந்தில் வரும்போதுதான் ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 8, புதன்

கிடைத்துவிட்டது.

கிடைத்துவிட்டது. மே நான்காம் தேதி சேர வேண்டும்.

அக்கா போனில் கத்தியது மேஜைமேல் வைத்தும் கேட்டது. அம்மா சர்வர் மேல் படிந்திருந்த நூல் துணுக்குகளைத் தன் முந்தானையால் துடைத்தாள். அப்பா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, கடைசி எழுத்து வரைக்கும் படித்து, "நாம போட்ட ஃபார்ம்ல வேலை ஆயிடுச்சு போலயே" என்றார்.

"ஆமாப்பா" என்றேன். அதற்கு மேல் சொல்ல வந்து, நின்றுவிட்டது.

ஏப்ரல் 9, வியாழன்

கவுன்ட்டர் பெண்மணி போன் செய்தாள். நாளைக் காலை திருத்தம் போடுகிறார்களாம். அப்பாவின் பெயர் போய் "மெயில்" என்று வந்துவிடும். "தாமதமாயிடுச்சும்மா, மன்னிச்சுக்கோ" என்றாள்.

சொல்ல வேண்டியது நன்றி. நான் சொன்னது, "வேண்டாம், நிறுத்த முடியுமா?"

முதலில் தப்பு, பிறகு திருத்தம், இப்போது திருத்தம் வேண்டாமா? திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "உங்க அப்பா பேரு, இல்ல?" என்றாள். "எழுத்துத் திருத்தம்னா நானே போட்டுடுவேன். இது அப்படி இல்ல. அவர் பேரை அங்க வச்சிருக்கறதுக்கு அவர் தெரிஞ்சு சரின்னு சொல்லணும். பத்து மணிக்குள்ள ஒரு வார்த்தை அவரையே பேசச் சொல்லு."

அப்படியானால் அவரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 10, வெள்ளி, காலை

அப்பா குளித்துக்கொண்டிருக்கிறார். ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். பேசிப் பார்த்தேன், "அப்பா" என்பதோடு நின்றுவிட்டது. "வென்னீர் போதும்மா" என்றார். அதனால் இந்தப் பக்கத்தைத் திறந்து அவர் வேலைக்கு எடுத்துப்போகும் டார்ச்சுக்குக் கீழே வைக்கப்போகிறேன். அவர் புத்தகம்தானே.

அப்பா, இந்த ஒரு பக்கம் மட்டும் படிங்க. அன்னைக்கு ஃபார்ம்ல எண்ணுக்குப் பேர்னு இருந்த இடத்துல உங்க பேரை எழுதிட்டீங்க. அங்க சர்வரோட பேர் வரணும். நீங்க ரெண்டு தரம் கேட்டும் நான் பார்க்கல, அதனால தப்பு என்னோடது. ஆனா அந்தப் பேரை வச்சுத்தான் என் கடுதாசி போய்ச் சேர்ந்துச்சு. அந்தப் பேர் யாருன்னு இன்டர்வியூல கேட்டாங்க. சொன்னேன்.

இன்னைக்குப் பத்து மணிக்கு அதை எடுத்துடப் போறாங்க. கீழ நம்பர் எழுதியிருக்கேன். போன் பண்ணி ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. உங்க பேர் அங்கயே இருக்கட்டும்.